காதும் காதும் வைத்தாற்போல்

கோரிலிருந்து இன்வர்கார்கில் வரை
தார் ஊற்றி, சல்லியைக் கொட்டி,
மீதியை லாரிகள் மிதித்துக்கொள்ளட்டும் என்று
விட்டுப் போன சாலை.
நியூசிலாந்தின் இந்தத் தெற்கு மூலையில்
எங்கே திரும்பினாலும் அதே சல்லிதான்.
எண்பதைத் தாண்டினால் காருக்குள்
மாவு மில் ஓடும்.

பத்தொன்பது வருடம் அந்த மில்லுக்குள்
மோரக் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள்,
முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி,
வெளியே மேயும் ஆடுகளிடம் சொல்வதுபோல.
நான் தலையாட்டுவேன்.
சில நேரம் "ஆமாம்" என்பேன்.
எதற்கு ஆமாம் என்று
அவளும் கேட்டதில்லை.

இந்த ஜூனில், புல்லெல்லாம் உறைந்த ஒரு சனிக்கிழமை,
இருக்கைகளைக் கழற்றிக் கொட்டகைக்குள் அடுக்கினேன்.
ஒரு போல்ட் மட்டும் வரமாட்டேன் என்று
மதியம் வரை அடம்பிடித்தது.
விரிப்பை உரித்தால் ஈரக் கம்பளி நாற்றம்,
அதற்கும் கீழே வெறும் தகரம்.
விரல் மடக்கித் தட்டினேன்.
டங்ங்...
பட்டாணி டப்பா!
இதற்குள் உட்கார்ந்தா இவ்வளவு தூரம் வந்தோம்?

உருளையை இரவல் தந்த ஹேமி
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்:
"முழுக்க மூடாதே, காசுக்குக் கேடு.
அதிர்வது நடுப்பகுதிதான்.
நடுவில் கொஞ்சம் கனம் வை, போதும்.
ஓரம் தானாக அடங்கும்."

அவள் இருக்கைக்கு அடியில்
ஓர் ஐம்பது சென்ட்,
ஆட்டுக் காதில் மாட்டும் மஞ்சள் பட்டை,
நாலாக மடித்த ஒரு படகுச் சீட்டு.
ப்ளஃப் துறையிலிருந்து தீவுக்கு.
ஒரு ஆள். போக மட்டும்.
தேதி, நான் டுனெடின் ஆஸ்பத்திரியில்
முதுகை அறுத்துக்கொண்டு குப்புறக் கிடந்த வாரம்.
ஓரம் கிழிக்கப்படவில்லை.

கொஞ்ச நேரம் குந்தியே இருந்தேன்.
முதுகு வலித்ததும் எழுந்தேன்.
ஸ்பிரிட்டில் நனைத்த துணியால்
தகரத்தைப் பளிச்சென்று துடைத்தேன்.
சீட்டைக் கிடந்த இடத்திலேயே வைத்தேன்.
அதன்மேல் பியூட்டைல் தகடு,
மேலே வெள்ளி, கீழே தார்ப்பசை.
உருளையால் அழுத்தினேன்,
காற்றுக் குமிழ் ஒன்றும் மிஞ்சாமல்,
வெள்ளியில் புடைத்த கோடெல்லாம் மழுங்கும்வரை.
காகிதம் இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது.
தெரியும்.
மறுபடி தட்டினேன்.
தொப்.
ஈர மண்ணில் ஆப்பிள் விழுந்த மாதிரி.

அதற்குப் பிறகு நுரை விரிப்பு, பழைய விரிப்பு, இருக்கைகள்.
அந்தப் பிடிவாத போல்ட்டுக்குப் பதில் புதிது.

திங்கட்கிழமை கிளம்பினோம்.
மில் நின்றிருந்தது.
சத்தம் அடங்கினால் சத்தங்கள் வரும்
என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கையுறைப் பெட்டியின் கீச்சு,
பெல்ட் கொக்கியின் கிணுக்கு,
அவள் எச்சில் விழுங்குவது.
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
தன் குரலே தனக்குக் கேட்டிருக்க வேண்டும்,
மூடிக்கொண்டாள்.

மதாவுரா பாலம் தாண்டி,
"விரிப்புக்கடியில் என்ன கிடந்தது?" என்றாள்.
அவ்வளவு மெல்லக் கேட்டும்
ஒரு சொல் தவறாமல் காதில் விழுந்தது.

"ஐம்பது சென்ட்" என்றேன்.

"அது என்னுடையது."
கை நீட்டினாள்.
சட்டைப்பையில் துழாவி எடுத்துக் கொடுத்தேன்.
உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச தூரம்
அதையே பார்த்தபடி வந்தாள்.

எடென்டேல் கடந்ததும்
சன்னலை இரண்டு விரற்கடை இறக்கினாள்.
குளிரும் சல்லியும் உள்ளே கொட்டின.
அவள் உதடுகள் அசையத் தொடங்கின.
நான் தலையாட்டவில்லை.
ஹீட்டரைக் கூட்டி
அவள் கால் பக்கம் திருப்பி வைத்தேன்.